முன்னால கடல், பின்னால ஏரி

ஐப்பசி பிறந்ததும் லைட்ஹவுஸ் குப்பத்தில் என் அத்தை செய்கிற முதல் வேலை, சமையலறைச் சுவரில் இருக்கும் ஒரு கோட்டை ஈரத்துணியால் துடைப்பது. பச்சைப் பெயின்ட்டில் இழுத்த கோடு. தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் நாலு விரல் உயரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இங்கே கரையைக் கடக்காமல் கடலிலேயே நின்று கொட்டியபோது வீட்டுக்குள் நின்ற தண்ணீரின் மட்டம் அது. தண்ணீர் வடிந்த மறுநாள், சுவரில் படிந்திருந்த சேற்றுத் தடம் காய்ந்து உதிர்வதற்குள் அதன் மேலேயே பெயின்ட்டை இழுக்கச் சொன்னார். பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தாலும் அந்தக் கோட்டில் பிரஷ் படக் கூடாது. அதற்குக் கீழே அரிசி வைக்கமாட்டார், மாத்திரை வைக்கமாட்டார், பிள்ளைகளின் புத்தகப் பையைக்கூட வைக்க விடமாட்டார்.

ஊரின் கிடப்பைச் சொன்னால்தான் அந்தக் கோட்டின் அருமை புரியும். பழவேற்காட்டுக் கடைத்தெருவைத் தாண்டிப் பாலத்தில் ஏறினால் கலங்கரை விளக்கம் தெரியும். அதன் காலடியிலும் அதற்கு இருபுறமும் மீனவக் குப்பங்கள். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. வடக்கே ஏரியும் கடலும் கலக்கிற முகத்துவாரம். தெற்கே காட்டுப்பள்ளி வரை நீளுகிற மணல் கீற்று. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில்தான் குடித்தனம்.

"கடல் கத்திக்கினு வரும் கண்ணு. ஏரி சத்தமே போடாம வரும். எனக்கு ஏரின்னாதான் பயம்" என்பார் அத்தை.

வெளியூர்க்காரர்கள் கடலைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். இந்த ஊரில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் தண்ணீர் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து வருவது.

ஆயா இருந்த காலத்து வீடு எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. சவுக்குக் கம்பு நட்டு, பனையோலை வேய்ந்து, மண்ணைக் குழைத்து ஒரு முழம் உயர்த்திய திண்ணை. புரட்டாசி முடிவதற்குள் ஓலை மாற்றிவிடுவார்கள். மாற்றிய பிறகு, கிழிந்து கழித்துப்போட்ட பழைய வலையைக் கூரை மேல் விரித்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டி, கயிற்று நுனியில் கல்லைத் தொங்கவிடுவார்கள். வாடைக்காற்று ஓலையைப் பிய்க்கப் பார்க்கும்போது வலை அதை அமுக்கிப் பிடிக்கும். உள்ளே பொருள் என்று பார்த்தால் ஒரு டிரங்குப் பெட்டி, நாலு பானை, இரண்டு பாய், உறியில் தொங்குகிற கருவாட்டுச் சட்டி. அரிசிப் பானையும் மழைக்காலத்தில் உறிக்கு ஏறிவிடும். வீட்டைவிட விலை அதிகமானவை வலையும் கட்டுமரமும். ஆகவே கடல் சரியில்லை என்று தெரிந்ததும் ஆண்கள் முதலில் ஓடுவது மரத்தை மேட்டுக்கு இழுக்கத்தான். கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்தால் தனித்தனி மரக்கட்டை. தூக்கிப்போய்ச் சவுக்குத் தோப்புக்குள் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

கடல் சரியில்லை என்று எப்படித் தெரியும்? காற்றே இல்லாமல் அலை பொங்கினால் பெரியவர்கள் முகம் மாறும். எங்கோ தொலைவில் அடிக்கிற காற்றின் செய்தியை அலைதான் முதலில் கொண்டுவரும். நீரோட்டத்தையும் பார்ப்பார்கள். சென்னைக் கரையோரத்து மீனவர்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிற நீரை வண்ணி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். ஓட வேண்டிய பருவத்தில் ஓட வேண்டிய திசையில் நீர் ஓடவில்லை என்றால் அன்று யாரும் வலை ஏற்றமாட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்ல, ஒருவர் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போவார். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், நடக்க முடியாதவர்கள் முதல் படகில். பாலம் இல்லாத காலம் அது. ஏரியைப் படகில் தாண்டித்தான் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே பள்ளிக்கூடமோ மாதா கோயிலோ திறந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதும்போது அந்தக் காலத்தை உச்சியில் வைத்துக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிக் கரையேறிய புயலின்போது அத்தை புதுப்பெண். கூரை வலையோடு பறந்துபோனது என்று சொல்லும்போது இன்றும் கையை மேலே தூக்கிக் காட்டுவார். தப்பித்து வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடில்லை. மணலில் தோண்டிய ஊற்று உப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வாந்தி பேதிதான் புயலைவிடப் பெரிய பயமாக இருந்தது என்பார். அன்றைய ஜனங்களிடம் ஒன்று மட்டும் நிச்சயமாக இருந்தது: கிளம்ப வேண்டும் என்றால் கிளம்பிவிடுவார்கள். விட்டுப்போக மனசில்லாத பொருள் வீட்டில் இல்லை.

பின்பக்கத்துத் தண்ணீரைப் பற்றி அன்றைக்கும் இன்றைக்கும் பேச்சு முடிகிற இடம் முகத்துவாரம்தான்.

ஆந்திராவின் பிச்சாட்டூரில் ஆரணியாற்றுக்கு ஓர் அணை இருக்கிறது. அது நிறைந்து உபரிநீர் திறந்தால், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக அந்தத் தண்ணீர் முழுவதும் பழவேற்காடு ஏரிக்குத்தான் வரும். வழியில் ஆண்டார்மடம் பக்கம் கரை உடைந்தால் அங்குள்ள ஊர்கள் முதலில் முங்கும். ஏரிக்கு வந்து சேர்ந்த தண்ணீருக்கு வெளியேறக் கடல் மட்டும்தான் வழி. கடலுக்குப் போக முகத்துவாரம்தான் வாசல். அந்த வாசல் திறந்தே இருப்பதில்லை. கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிற மணல், ஆற்றில் தண்ணீர் வரத்துக் குறைந்த மாதங்களில் வாயை அடைத்துத் திட்டாக நின்றுவிடும். அடைபட்டால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் கடலிலிருந்து ஏரிக்குள் வர முடியாது, பிழைப்பு போகும். அடைபட்ட நிலையில் பெருமழை வந்தால் ஏரி ஒரு மூடிய தொட்டி. வேறு போக்கிடம் இல்லாமல் குப்பத்துக் கொல்லைப்புறம் வழியாக வீட்டுக்குள் நுழையும்.

அதனால் ஊர் கூடி வாயை வெட்டுவார்கள். நைனாவோடு ஒருமுறை போயிருக்கிறேன், பத்து வயதிருக்கும். மண்வெட்டியும் கூடையுமாகப் பல குப்பத்து ஆட்கள். ஏரிப் பக்கத்திலிருந்து கடலை நோக்கி, ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு கால்வாய். அதற்கு மேல் வெட்ட வேண்டியதில்லை என்றார்கள். மழைத் தண்ணீர் சேர்ந்து ஏரி மட்டம் கடலைவிட உயர்ந்திருந்தது. கடைசிக் கூடை மணலை அள்ளியதும் முதலில் ஒரு கோடு போலத்தான் தண்ணீர் போனது. கொஞ்ச நேரத்தில் கால்வாயின் ஓரம் பாளம் பாளமாகச் சரிய ஆரம்பித்தது. "பின்னால வா, பின்னால வா" என்று எல்லோரும் கத்த, நின்றிருந்த மணலே தண்ணீரோடு போனது. காலையில் தாண்டிக் குதித்த வாய்க்காலை மாலையில் படகில்தான் கடக்க முடிந்தது. ஆட்கள் வெட்டியது கைப்பிடி. மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது.

இப்போது அந்த வேலைக்குப் பொக்லைன் வருகிறது. நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் மனுக் கொடுத்தும் போராடியும் கேட்டதன் பேரில், முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் சுவர் கட்ட அரசு 26.85 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதை மீன்பிடித் திட்டமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை குப்பத்து வீடுகளின் வெள்ளத் தடுப்பில் இதுதான் முதல் வேலை. அரிசியைப் பரணில் ஏற்றுவதும் மணல் மூட்டை அடுக்குவதும் வாசல் அடைபட்ட ஏரிக்கு முன்னால் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஐப்பசிக்கு முன் முகத்துவாரம் எத்தனை ஆழம் இருக்கிறது என்ற கேள்வியை, கூரை ஒழுகுகிறதா என்ற கேள்வியோடு சேர்த்து ஊர் கேட்டாக வேண்டும்.

முன்பக்கத்துத் தண்ணீருக்கும் ஒரு நாள் வந்தது: 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அப்பால் பூமி குலுங்கி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் தண்ணீர் இந்தக் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரமும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்தப் பெரியவரின் அனுபவத்திலும் இல்லாத அலை அது. வானம் தெளிவாக இருந்தது, காற்றில்லை, அலையில் முன்செய்தி இல்லை. இப்போது ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனம் நடத்துகிற சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. பெரிய கடலடி நிலநடுக்கம் என்றால் சில நிமிடங்களில் செய்தி கிளம்பிவிடும். இது பெரிய மாற்றம். பாட்டன் காலத்து அறிவால் ஒருநாளும் கிடைத்திருக்காத ஒன்று.

சுனாமிக்குப் பிறகு ஓலை வீடுகள் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்தன. அத்தை குடியிருப்பது ஒரு சுனாமி வீட்டில்தான். கூரை பறக்காது. ஓலை தீப்பிடிக்கும் என்ற பயம் இல்லை. வயதான காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடிகிறது. இதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் வெள்ளத்தின் போக்கு மாறிவிட்டது. ஓலை வீட்டில் தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும், மணல் உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட் வீட்டில் புகுந்த தண்ணீர் நிற்கும். தெருவுக்குச் சிமென்ட் சாலை போட்டு உயர்த்தியதில் சில வீடுகளின் வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்துபோனது. உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து ஊதி, மேல் தளத்துக் காரை பெயர்ந்து விழுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் வீட்டுக்குள்ளே. ஃப்ரிட்ஜ், டிவி, கிரைண்டர், பீரோ, கட்டில், தவணையில் வாங்கிய வாஷிங் மெஷின். ஆயா கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக்கூட ஒன்றும் இருந்திருக்காது. அத்தை கிளம்ப வேண்டும் என்றால் அரை நாள் வேலை இருக்கிறது. 'இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்' என்ற வார்த்தை கான்கிரீட் வீட்டோடு சேர்ந்து வந்தது. நான் பார்த்தவரையில் இன்றைய ஆபத்து அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

செய்தி கிடைப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் டீக்கடை ரேடியோவில் வானிலை அறிக்கை வந்தால் கூட்டம் கூடும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்பதை வைத்து ஊர் முடிவெடுக்கும். இப்போது காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போதே ஒவ்வொருவர் போனிலும் படம் வந்துவிடுகிறது. அரசு 2024இல் கொண்டுவந்த டிஎன் அலர்ட் செயலி இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் இருக்கிறது. நிறம் சொல்வது என்ன என்றுதான் வீட்டில் யாருக்கும் பிடிபடுவதில்லை. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதை அதிகனமழை என்கிறார்கள், அப்போதுதான் சிவப்பு. மூன்று சென்ட் மனையில் 20 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 24,000 லிட்டர். இரண்டு பெரிய தண்ணீர் லாரி. உங்கள் வீட்டு மனை மேல் மட்டும் விழுகிற தண்ணீர் இது. பக்கத்து மனையில் விழுவதும் ஆற்றில் வருவதும் தனி. இப்படிச் சொன்ன பிறகுதான் என் அத்தை மகன் மாடிப்படியில் கிடந்த சாமான்களை ஒழித்தான்.

'தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுமாறு' என்று அறிக்கை சொல்லும். எந்த வீடு தாழ்வு? அந்தக் கேள்விக்குத்தான் அத்தையின் பச்சைக் கோடு பதில். ஊரில் இன்னும் நாலைந்து வீட்டில் அப்படிக் கோடு இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆரஞ்சு என்று செய்தி வந்த நாளில் அத்தை வீட்டில் நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கனத்த பாலித்தீன் பை வெளியே வரும். கருவாடு கட்டிக் கொடுக்கிற பையின் தடிமனில் இரண்டு மடங்கு. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் அட்டை, படகின் பதிவுச் சான்று, பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, இன்னொரு பைக்குள் தலைகீழாக நுழைப்பார். கல்யாணத்துக்குப் போட்ட தோட்டுக்கும் அதில்தான் இடம். பை பரணுக்குப் போகாது. கிளம்பும் வரை அத்தையின் தோளில் தொங்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் நிவாரணம் கேட்டு நிற்கும்போது காட்டுவதற்கு அட்டை இல்லாமல் தவித்ததை டிவியில் பார்த்த நாளிலிருந்து இந்தப் பழக்கம்.

அடுத்தது மருந்து. மாமாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் வெறும் பெட்டி. இரண்டு மண்சட்டிக்கு நடுவே ஈர மணல் நிரப்பி, உள்சட்டியில் மருந்துப் புட்டியை வைத்து, ஈரத்துணியால் மூடிவிடுவார். புட்டி தண்ணீரில் மிதக்கக் கூடாது, குளுமை மட்டும் வேண்டும். ஒரு வாரத்துக்கான பிரஷர் மாத்திரை சட்டைப் பையில்.

குடங்கள் எல்லாவற்றிலும் குடிநீர். வெள்ளத்தில் முதலில் கிடைக்காமல் போவது தண்ணீர்தான். கேட்க விசித்திரமாக இருந்தாலும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவல், பொரி, கடலை, பிஸ்கட். கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, மாமா வலைக்கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவார். தண்ணீரில் சிலிண்டர் மிதந்து அடிபட்டால் என்ன ஆகும் என்று யோசித்தே கட்டுகிறார். கழிப்பறைப் பீங்கானுக்குள் ஒரு மணல் மூட்டையை இறக்கி மேலே கல் வைப்பார்கள். இந்த மணலூரில் கழிவுத்தொட்டி நிறைந்தால் தண்ணீர் திரும்பி மேலே வரும். ஓலைக் குடிசைக் காலத்தில் இல்லாத தொல்லை இது.

பிறகு மெயின். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் இறக்கிவிட வேண்டும். அறைக்குள் வரக் காத்திருக்கக் கூடாது. நனைந்த காலோடு, நனைந்த கையோடு தொடக் கூடாது. ஆயா காலத்தில் வெள்ளத்தில் மின்சாரம் என்ற எமன் இல்லை. இன்று தண்ணீரில் அடித்துச் செல்லப்படாமல் வீட்டுக்குள்ளேயே, தெருமுனையிலேயே உயிர் போவது இதனால்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிடி என்ற சின்னப் பெட்டி மெயின் போர்டில் இருந்தால் பாதி பயம் போகும். ஃப்ரிட்ஜுக்குத் தவணை கட்டுகிற வீடு அதற்கும் சேர்த்து ஒருமுறை செலவழித்துவிடலாம் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு வருவோம். தமிழகக் கடலோர மாவட்டங்களில் 121 பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. பள்ளிகளையும் மண்டபங்களையும் முகாமாக்குகிறார்கள். பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கிற வழக்கம் வந்திருப்பது எனக்கு மிகவும் நிம்மதி தருகிற விஷயம். முதல் படகில் கர்ப்பிணியை ஏற்றிய அதே நியாயம் இப்போது ஆம்புலன்ஸில் போகிறது. ஆனாலும் ஒரு மழை இரவில், கைக்குழந்தையோடு போன எங்கள் வீட்டுப் பெண்கள் முகாம் என்று சொல்லப்பட்ட ஒரு கட்டடத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் அத்தை இரண்டு விஷயம் விசாரித்துவிடுவார்: சாவி யாரிடம், பெண்களுக்குக் கழிப்பறையில் விளக்கு எரிகிறதா. இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் இல்லையென்றால் வயசுப் பெண்கள் முகாமுக்கு வரமாட்டார்கள். அவர்களுக்காகத் தாயும் வீட்டிலேயே தங்கிவிடுவாள்.

பகலில் கிளம்ப வேண்டும். சாலை மேல் ஓடுகிற தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே ஆளின் காலைத் தட்டிவிடும்; இரண்டடி இருந்தால் காரை உருட்டிக்கொண்டு போகும். கடலில் பிழைக்கிறவர்கள் இந்தத் தண்ணீரை அலட்சியமாகப் பார்க்கிறார்கள். கடலில் கீழே இருப்பது மணல் என்று அவர்களுக்குத் தெரியும். சாலையில் கீழே திறந்த சாக்கடையா, பள்ளமா என்று தெரியாதே. படகில் ஏறினாலும் கணக்கு வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இதே ஏரியில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். புயல் இல்லை, வெள்ளம் இல்லை. வெள்ளத்தில் பதற்றத்தோடு ஏறுகிற படகில் தலையை எண்ணி ஏற்றவும், ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை கொடுக்கவும் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். வலைக்கு மிதவை கட்டுகிற ஊரில் ஆளுக்குக் கட்ட மிதவை இல்லாமல் போகாது. பசியாவரம் போல ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர்களை நினைத்தால் இந்தக் கவலை இன்னும் கூடுகிறது.

தண்ணீர் வடிந்த பிறகு வீடு திரும்புவதில் அன்றைக்கும் இன்றைக்கும் நிறையவே மாறியிருக்கிறது, நல்ல விதத்தில். வாந்தி பேதி வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்பது இப்போது குப்பத்துப் பெண்களுக்கு மனப்பாடம். கிணற்றில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர். சேற்றில் வெறுங்காலோடு நடந்து காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே போகிறார்கள். மடித்து வைத்த வலையைக் குச்சியால் தட்டிவிட்டுத்தான் தொடுவார்கள். பாம்புக்கும் ஒதுங்க இடம் வேண்டுமே. கரண்ட்காரர் வந்து பார்க்கும் வரை ஒரு சுவிட்சும் போடுவதில்லை. அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டும் அத்தை வீட்டுக் கதவின் உட்புறத்தில் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறது. போனில் சார்ஜ் போனாலும் எண் போகக் கூடாது என்பதற்காக.

வீட்டுக்குள் செய்யக்கூடியதெல்லாம் செய்த பிறகும் ஒரு வருத்தம் மிச்சமிருக்கிறது. முன்பு கடலுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே மணல் மேடு இருந்தது. மேட்டின் மேல் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். அதற்குப் பின்னால் சவுக்கு. பிள்ளைகள் நாங்கள் இராவணன் மீசையின் உருண்டைகளைக் காற்றில் உருளவிட்டுத் துரத்துவோம். இப்போது அந்த மேடு பல இடத்தில் இல்லை. தெற்கே எண்ணூரில் 2001இலும் பிறகு காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலைத் தெற்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்துக்கொள்கின்றன. வடக்கே இருக்கிற குப்பங்களுக்கு வர வேண்டிய மணல் வருவதில்லை; இருப்பதைக் கடல் எடுத்துக்கொள்கிறது. புயல் அடித்தால் காட்டுப்பள்ளி சாலை மேல் கடல் ஏறி மணலை வாரிக் கொட்டிவிட்டுப் போகிறது, ஊர் துண்டாகிவிடுகிறது. ஒரு வீட்டுக்காரி எத்தனை மணல் மூட்டை அடுக்கினாலும் தொலைந்துபோன ஒரு மணல் மேட்டுக்கு ஈடாகாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெரிதாக்குகிற திட்டத்தைக் குப்பங்கள் எதிர்க்கும்போது அதைப் பிழைப்புக்கான சண்டையாக மட்டும் வெளியே பார்க்கிறார்கள். வீட்டுக்குள் வருகிற தண்ணீரைப் பற்றிய சண்டையும்தான் அது.

போன தை மாதம் அத்தை மகன் பக்கத்து மனையில் வீடு கட்டத் தொடங்கினான். வானம் தோண்டிய அன்று நான் போயிருந்தேன். பேஸ்மட்டம் இரண்டடி போதுமா என்று மேஸ்திரி கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஒன்றும் பேசாமல் பழைய வீட்டுக்குள் போய், சமையலறைச் சுவரில் இருந்து ஒரு நூலைப் பிடித்தபடி வெளியே வந்தார். நூலின் மறுமுனையை நான் பச்சைக் கோட்டின் மேல் வைத்துப் பிடித்திருந்தேன். மேஸ்திரி ரசமட்டக் குழாயை எடுத்துவந்து, நூலை மட்டம் பார்த்து, புது மனையில் நட்டிருந்த குச்சியில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்.

"இந்த மட்டம்தானே, ஆயா?"

"அது போன வெள்ளம்பா" என்றார் அத்தை. உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் வைத்து, அதற்கு மேல் இன்னொரு உள்ளங்கையை வைத்து, அதற்கும் மேலே விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க போடு. ப்ளக் பாயிண்ட்டெல்லாம் இடுப்புக்கு மேல."